நெஞ்சு ஏறி இறங்குகிறது, உடம்பு சூடாக இருக்கிறது. பிறகு எப்படி மூளைச்சாவு?

கேட்டவர்: தென்பெண்ணை

ஆபரேஷனுக்கு முன்னால் "தூங்க வச்சிடுவோம், ஒண்ணும் தெரியாது" என்கிறார்கள். கோமாவில் கிடப்பவரைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் "அசந்து தூங்குற மாதிரியே இருக்கு" என்கிறார்கள். கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியில் மீளாத்துயில் என்று போடுகிறோம். பேச்சுக்கு இதெல்லாம் சரி. ஆனால் ஐசியு வாசலில் நின்றுகொண்டு, உறுப்பு தானத்துக்குக் கையெழுத்துப் போடலாமா வேண்டாமா என்று யோசிக்கும் குடும்பத்துக்கு இதுவே பெரிய குழப்பமாகிவிடுகிறது. தூங்குகிற மாதிரிதானே இருக்கிறார், எழுந்துவிட மாட்டாரா என்கிறார்கள். அந்தக் கேள்வியில் ஒரு நியாயமும் இருக்கிறது.

தூக்கம், மயக்க மருந்து, கோமா, மூளைச்சாவு இவற்றுக்கு நடுவே எதை வைத்துக் கோடு கிழிக்கிறார்கள்? சோதனை எப்படிச் செய்கிறார்கள், எங்கே தவறு நடக்க வாய்ப்பு? இதயம் நின்ற பிறகு நினைவு எவ்வளவு நேரம் இருக்கும்? "உறங்குவது போலும் சாக்காடு" என்ற குறளைப் படித்து வளர்ந்தவர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வது? துறையில் இருப்பவர்கள் விவரமாக எழுதினால் பலருக்கும் உதவும்.


பதில்: மயக்கவியல்_சேலம்

தூக்கம், மயக்க மருந்து இரண்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்றதை ஐசியு ஆட்கள் எழுதட்டும்.

தூக்கத்தின் அடையாளமே, எழுப்பினால் எழுவதுதான். மூளை அப்போது ஓய்ந்து கிடப்பதில்லை. ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று, இரவுக்கு நான்கைந்து சுற்று ஓடும். மேலோட்டமான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், கண்விழி உருளும் கனவுத் தூக்கம் என்று மாறிக்கொண்டே போகும். ஆழ்ந்த தூக்கம் முன்னிரவில் அதிகம். கனவுத் தூக்கம் விடியல் நெருங்க நெருங்க நீளும். விடிகாலைக் கனவு நினைவில் நிற்பதற்கு அதுதான் காரணம். கனவுத் தூக்கத்தில் மூளையின் மின்னலைகள் விழித்திருப்பவருடையது போலவே இருக்கும், ஆனால் மூச்சுத் தசையும் கண் தசையும் தவிர மற்றவை தளர்ந்து கிடக்கும். 1953-இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் தூக்கத்தில் கண்விழி உருளும் இந்தக் கட்டத்தைப் பதிவு செய்து வெளியிட்டார்கள். அந்தத் தசைத் தளர்ச்சி விலகுவதற்குள் விழிப்பு வந்துவிட்டால் கை கால் அசையாது, நெஞ்சை யாரோ அழுத்துவது போல இருக்கும். ஊரில் அமுக்குவான் பேய் என்பது இதைத்தான். உயிர் போகிறது என்று பயந்துபோவார்கள். ஓரிரு நிமிடத்தில் தானாக விலகிவிடும், உயிருக்கு ஆபத்தில்லை. மல்லாந்து படுப்பவர்களுக்கும், தூக்கம் கெட்டவர்களுக்கும், ஷிப்ட் மாறி மாறி வேலை செய்பவர்களுக்கும் அதிகம் வரும்.

மயக்க மருந்தில் நடப்பது வேறு. இப்போது அதிகம் பயன்படும் புரோபோஃபால், பால் போல வெள்ளையாக இருக்கும். பெரியவர்களுக்குக் கிலோவுக்கு 1.5 முதல் 2.5 மில்லிகிராம், 60 கிலோ ஆளுக்கு 90 முதல் 150. வயதானவர்களுக்கு இதைவிடக் குறைப்போம். கை நரம்பில் ஏற்றினால் முக்கால் நிமிடத்துக்குள் பேச்சு பாதியில் நிற்கும். கூடவே மூச்சு தளர்ந்து பெரும்பாலும் நின்றுவிடும், பிபி இறங்கும், இருமல் போலத் தானாக நடந்து தொண்டையைக் காக்கும் அனிச்சைகள் போய்விடும். கத்தி பட்டாலும் எழமாட்டார். இதைத் தூக்கம் என்பதைவிட, மருந்தால் வரவழைத்து மறுபடி திருப்பிவிடக்கூடிய கோமா என்பதுதான் பொருத்தம்.

வெறும் வயிற்றில் வரச் சொல்வதும் இதனால்தான். தூங்குபவருக்கு வயிற்றில் இருப்பது எதுக்களித்து வந்தால் இருமி விழித்துக்கொள்வார். மயக்கத்தில் இருப்பவருக்கு அது நேராக நுரையீரலுக்குள் போகும். திட உணவு 6 மணி நேரத்துக்கு முன், எண்ணெய்ப் பலகாரமும் இறைச்சியும் 8 மணி நேரத்துக்கு முன், தாய்ப்பால் 4 மணி, வெறும் தண்ணீர் 2 மணி. பால் கலந்த டீ, காபி திட உணவுக் கணக்கில் வரும். "ஒரு வாய் டீதானே" என்று மறைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து சொல்லிவிடுங்கள், ஆபரேஷன் சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

இன்னொரு வித்தியாசம் நேரம். தூங்கி எழுந்தவருக்கு ஒரு இரவு கழிந்தது தெரியும். மயக்கம் தெளிந்தவருக்கு நடுவில் இருந்த நான்கு மணி நேரமும் இருக்காது. ஊசி போட்டார்கள், உடனே முடிந்தது என்று எழுப்பினார்கள் என்பார். சாவு எப்படி இருக்கும் என்று யோசிப்பவர்கள் தூக்கத்தைவிட இதை நினைத்துப் பார்ப்பது கொஞ்சம் கிட்டத்தில் வரும் என்பது என் கருத்து.

நடுவில் நினைவு திரும்புமா என்று எல்லோரும் கேட்பார்கள். 2014-இல் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் எடுத்த பெரிய கணக்கில், நோயாளிகள் தாங்களாகச் சொன்னதை வைத்து, ஏறத்தாழ 19,000 மயக்க மருந்துக்கு ஒன்று என்று வந்தது. தசையைத் தளர்த்தும் மருந்தும் சேர்த்துக் கொடுத்தவர்களிடம் அதிகம், சிசேரியனில் இன்னும் அதிகம். நரம்பில் போட்ட ஊசி விலகி மருந்து சதைக்குள் போவது, வாயு மருந்து தீர்ந்தது கவனிக்கப்படாமல் போவது, இப்படிப்பட்ட காரணங்கள்தான். நெற்றியில் பட்டை ஒட்டி மூளை அலையை எண்ணாகக் காட்டும் கருவி இருந்தால் அந்த எண்ணை 40-க்கும் 60-க்கும் நடுவில் வைத்திருப்போம்.


பதில்: ஐசியு_இரவுப்பணி

கோமாவிலிருந்து தொடங்குகிறேன்.

கேஸ் ஷீட்டில் "ஜிசிஎஸ் 5" என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நினைவு எந்த அளவு இருக்கிறது என்று பார்க்க, 1974-இல் கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜென்னட் இருவரும் கொண்டுவந்த கிளாஸ்கோ கோமா அளவுகோல் அது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, மொத்தம் 15. எதுவுமே இல்லை என்றாலும் 3 வரும், பூஜ்யம் கிடையாது. 8-ம் அதற்குக் கீழும் கோமா. கண் மூடியே இருக்கும், வலி கொடுத்தாலும் திறக்காது. தூக்கம் விழிப்பு என்ற சுழற்சியே இருக்காது. அதனால் கோமாவைத் தூக்கம் என்று சொல்ல முடியாது.

கோமா பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு மேல் நீடிக்காது. அதற்குள் தெளியலாம், இறக்கலாம், அல்லது கண் மட்டும் திறந்துகொள்ளும் நிலைக்குப் போகலாம். அந்த மூன்றாவதுதான் வீட்டாரை அதிகம் வதைப்பது. பகலில் கண் திறந்திருக்கும், இரவில் மூடும், கொட்டாவி விடுவார், தானாக மூச்சு விடுவார், ஆனால் யாரையும் தெரியாது. மூச்சையும் விழிப்பையும் இயக்கும் மூளைத்தண்டு வேலை செய்கிறது, அறிவுக்கான மேல்மூளை செய்யவில்லை. விழிப்பு ஒன்று, அறிவு இன்னொன்று என்பதை இந்த நிலை பிரித்துக் காட்டுகிறது. அதிலும் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. 2006-இல் நரம்பியல் ஆய்வாளர் ஏட்ரியன் ஓவன் குழு, இந்த நிலையில் இருந்த ஒரு பெண்ணை ஸ்கேனுக்குள் வைத்து "டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்" என்றது; நல்ல நினைவுள்ளவர்களுக்கு எந்தப் பகுதி ஒளிருமோ அதே பகுதி ஒளிர்ந்தது. அதனால் கண் திறந்து கிடப்பவர் எதிரில் பேசும்போது கேட்கிறது என்று வைத்துக்கொண்டே பேச வேண்டும்.

மூளைச்சாவு இவை எதுவும் இல்லை. சட்டம் மூளைத்தண்டுச் சாவு என்கிறது. மூளைத்தண்டு என்பது பிடரிக்கு உள்ளே, தண்டுவடம் தொடங்குமிடத்துக்கு மேல், கட்டை விரல் பருமனுக்கு இருக்கும் பகுதி. மூச்சுக்கு உத்தரவு அங்கிருந்துதான் போகிறது; மேல்மூளையை விழிக்க வைக்கும் நரம்பு வலையும் அங்கேதான். பைக் விபத்தில் தலையில் அடிபட்டோ ரத்தம் கசிந்தோ மூளை வீங்கினால், மண்டையோட்டுக்குள் விரிய இடமில்லை. உள்ளழுத்தம் ரத்த அழுத்தத்தைத் தாண்டியதும் மூளைக்கு ரத்தம் ஏறாது. மூளை கீழே பிதுங்கி மூளைத்தண்டை நசுக்கிவிடும்.

அப்படியிருந்தும் இதயம் துடிக்கக் காரணம், அதற்குத் துடிக்க மூளையின் உத்தரவு தேவையில்லை. அதன் மேல் அறையிலேயே துடிப்பைக் கிளப்பும் திசு இருக்கிறது. ஆக்சிஜன் கிடைக்கும்வரை துடிக்கும். அந்த ஆக்சிஜனை வென்டிலேட்டர் கொடுக்கிறது. நீங்கள் பார்க்கும் நெஞ்சு அசைவு மெஷினுடையது. சூடு, ஓடுகிற ரத்தத்தினுடையது. அதையும் பெரும்பாலும் வெப்பப் போர்வை போட்டுத்தான் காப்பாற்றுவோம், ஏனென்றால் வெப்பத்தைச் சீர்செய்யும் பகுதியும் போயிருக்கும். சிறுநீர் மணிக்கு அரை லிட்டர் என்றுகூடக் கொட்டும், பிபி மருந்தில்தான் நிற்கும்.

சோதனைக்கு முன் சரிபார்க்க வேண்டியவைதான் உயிர்நாடி. காரணம் தெளிவாகத் தெரிய வேண்டும், ஸ்கேனில் அந்த அளவு சேதம் இருக்க வேண்டும். உடல் வெப்பம் 35, 36 டிகிரிக்குக் குறையக் கூடாது. தூக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் உடம்பில் மிச்சம் இருக்கக் கூடாது. சோடியம், சர்க்கரை, பிபி சரியாக இருக்க வேண்டும்.

பிறகு ஒவ்வொரு அனிச்சையாகப் பார்ப்போம். டார்ச் அடித்தால் கண் பாவை சுருங்குகிறதா. பஞ்சு நுனியால் கருவிழியைத் தொட்டால் இமை சிமிட்டுகிறதா. புருவத்துக்கு அடியில், கண்குழியின் மேல் விளிம்பை அழுத்தினால் முகம் சுளிக்கிறதா. தலையை 30 டிகிரி உயர்த்தி, செவிப்பறை முழுதாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, காதுக்குள் 50 மில்லி ஐஸ் தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் கண்ணைக் கவனிப்போம். மூளைத்தண்டு உயிரோடிருந்தால் கண் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். ஐந்து நிமிடம் விட்டு மறு காது. சளி உறிஞ்சும் குழாயை ஆழமாக விட்டால் இருமுகிறாரா. கடைசியாக மூச்சுச் சோதனை.

இந்திய உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-இன்படி நான்கு மருத்துவர்கள், குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை இதைச் செய்து படிவம் 10-இல் கையெழுத்திட வேண்டும். உறுப்பு மாற்று அறுவைக் குழுவில் இருப்பவர் இந்த நால்வரில் இருக்கக் கூடாது. குடும்பத்தின் சம்மதம் படிவம் 8, அது தனி. "உறுப்புக்காக அவசரப்படுத்துறாங்களோ" என்ற சந்தேகம் வந்தால், இரண்டு சோதனையும் எத்தனை மணிக்கு நடந்தது, அந்த நால்வர் யார் யார் என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, நல்ல ஐசியுவில் பக்கத்தில் நின்று பார்க்கவும் விடுவார்கள்.


தென்பெண்ணை:

மிக்க நன்றி சார். இரண்டு சந்தேகம். மூச்சுச் சோதனையில் மெஷினைக் கழற்றுகிறார்கள் என்றால் அதுவே ஆளைக் கொன்றுவிடாதா? இன்னொன்று, மூளைச்சாவு என்று சொன்ன பிறகும் விரல் அசைந்தது, கால் இழுத்தது என்று பல குடும்பங்கள் சொல்கின்றன. அது எப்படி?


பதில்: ஐசியு_இரவுப்பணி

நல்ல கேள்விகள், இரண்டுமே வாசலில் நிற்பவர்கள் கேட்பவை.

மூச்சை மெஷின் கொடுப்பது நிற்கும், ஆக்சிஜன் நிற்காது. முதலில் 10 நிமிடம் முழு ஆக்சிஜன் கொடுத்து நுரையீரலை நிரப்புவோம். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு 35-க்கும் 45-க்கும் நடுவில் இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வென்டிலேட்டரைக் கழற்றுவோம். உடனே தொண்டைக் குழாய்க்குள் மெல்லிய குழாய் ஒன்றை விட்டு நிமிடத்துக்கு 6 லிட்டர் ஆக்சிஜன் ஓடவிடுவோம். சட்டையை விலக்கி நெஞ்சையும் வயிற்றையும் 8 முதல் 10 நிமிடம் பார்ப்போம். கார்பன் டை ஆக்சைடு நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 மி.மீ. பாதரசம் ஏறும். அது 60-ஐத் தொட்டால், அல்லது ஆரம்ப அளவிலிருந்து 20 ஏறினால், மூளைத்தண்டில் ஒரு துளி உயிர் இருந்தாலும் மூச்சு கிளம்பியே தீரும். கிளம்பினால் சோதனை அங்கேயே முடிந்தது, மூளைச்சாவு இல்லை. நடுவில் பிபி 90-க்குக் கீழே போனாலோ ஆக்சிஜன் 85-க்குக் கீழே இறங்கினாலோ துடிப்பு தாறுமாறானாலோ உடனே மெஷினை மாட்டிவிடுவோம்.

விரல் அசைவது உண்மைதான். தண்டுவடம் தனியாக உயிரோடிருக்கும், அதற்கென்று அனிச்சைகள் உண்டு. பாதத்தைத் தொட்டால் முழங்கால் மடங்கும். சில நேரம் இரண்டு கையும் தானாக மேலெழுந்து நெஞ்சின் மேல் சேர்ந்து விழும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் பார்ப்பவர் வாழ்நாளுக்கும் மறக்கமாட்டார். முகம் அசைந்தால்தான் சந்தேகப்பட வேண்டும், முகத்துக்கு நரம்பு மூளைத்தண்டிலிருந்து வருகிறது. வென்டிலேட்டர் திரையில் "நோயாளி தானாக மூச்சு இழுத்தார்" என்று குறி காட்டுவதும் ஏமாற்றும். மெஷினின் உணர்திறனை அதிகம் வைத்திருந்தால் இதயத் துடிப்பின் அதிர்வு, குழாயில் தேங்கிய தண்ணீர் இரண்டையுமே மூச்சு என்று எடுத்துக்கொள்ளும்.

தவறு நடக்கக்கூடிய இடங்களில் நம்மூருக்கே உரியது ஒன்று இருக்கிறது: கட்டுவிரியன் கடி. இந்தப் பாம்பு பெரும்பாலும் ராத்திரி, தரையில் படுத்துத் தூங்குபவரைக் கடிக்கும். வீக்கம் இருக்காது, வலியும் அதிகம் இருக்காது, பல் பட்ட தடம்கூடத் தெரியாது. விடிகாலையில் வயிற்று வலி என்பார், இமை தொங்கும், எச்சில் விழுங்க முடியாது, பிறகு மூச்சு நிற்கும். வென்டிலேட்டர் போட்ட பின் பார்த்தால் கண் பாவை விரிந்து வெளிச்சத்துக்குச் சுருங்காது, ஒரு தசையும் அசையாது. மேலே சொன்ன சோதனைகள் எல்லாவற்றிலும் மூளைச்சாவு மாதிரியே தெரியும். ஆனால் மூளைக்கு ஒரு சேதமும் இல்லை. விஷம் கெடுத்தது நரம்பு முனைகளை. நம்மைக் கேட்டுக்கொண்டு கிடப்பார். விஷமுறிவு மருந்து கொடுத்தாலும் கெட்டுப்போன முனை வளரச் சில நாள், சிலருக்குச் சில வாரம் ஆகும். அதுவரை வென்டிலேட்டரில் வைத்திருந்தால் எழுந்து நடந்து போவார். ஸ்கேனில் காரணம் தெரியாமல் சோதனையே தொடங்கக் கூடாது என்பது இதனால்தான். தரையில் படுத்திருந்தார், களத்து மேட்டில் காவலுக்குப் படுத்திருந்தார் என்றால் அதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். தரையில்தான் படுக்க வேண்டும் என்றால் கொசுவலை கட்டி, நான்கு ஓரத்தையும் பாய்க்கு அடியில் செருகுங்கள்.


பதில்: முதலுதவி_பயிற்சி

இதயம் நின்றால் நினைவு ஏறத்தாழ 10 விநாடியில் போய்விடும். அரை நிமிடத்துக்குள் மூளையின் மின்னலை தட்டையாகும். ஆனால் செல்கள் அப்போதே சாவதில்லை, நாலைந்து நிமிடத்துக்குப் பிறகே நிரந்தரச் சேதம் தொடங்கும். நெஞ்சை அழுத்துவதற்கு அர்த்தம் வருவது இந்த இடைவெளியில்தான்.

இந்த இழையில் இதை நான் எழுத முக்கியக் காரணம், இதயம் நின்றவரைத் தூங்குகிறார் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். இதயம் நின்ற முதல் சில நிமிடம் மூளைத்தண்டு கடைசியாக மூச்சை இழுக்கும். நிமிடத்துக்கு நாலைந்து முறை, வாய் திறந்து, கரகரவென்று குறட்டை மாதிரி கேட்கும். "குறட்டை விட்டுத் தூங்கினார், காலையில் பார்த்தால் இல்லை" என்று சொல்லப்படும் மரணங்களில் சில இப்படிப்பட்டவை. வழக்கமாகக் குறட்டை விடுபவர் தட்டினால் முனகுவார், புரண்டு படுப்பார். இவர் தோளைப் பிடித்து உலுக்கிச் சத்தமாகக் கூப்பிட்டாலும் எழமாட்டார். 10 விநாடிக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 108-ஐ அழைத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, தரையில் மல்லாத்தி, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். கட்டில் மெத்தை மேல் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக எழ விட வேண்டும். களைத்தவர் நெஞ்சின் மேல் சாய்ந்துகொண்டே அழுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள்.

இதயம் நின்று திரும்பியவர்கள் சொல்லும் அனுபவங்கள் பற்றி: 2014-இல் வெளியான, சாம் பார்னியா தலைமையிலான ஆய்வில் 2,060 பேருக்கு இதயம் நின்றது கணக்கில் எடுக்கப்பட்டது. பிழைத்தவர்களில் 140 பேரிடம் பேச முடிந்தது. அவர்களில் விரிவான இரண்டாம் நேர்காணலையும் முடித்த 101 பேரில் 9 பேர் சாவின் விளிம்பு அனுபவம் என்று வகைப்படுத்தும்படியானதைச் சொன்னார்கள். உடம்பை விட்டு மேலே மிதந்தால் தெரியட்டும் என்று உயரத்தில் தட்டு அமைத்துப் படங்கள் வைத்திருந்தார்கள். அவற்றைப் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலானோருக்கு இதயம் நின்றது தட்டு இல்லாத இடங்களில், அதனால் அது எதையும் நிரூபிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. 2013-இல் எலிகளிலும் 2023-இல் நான்கு நோயாளிகளில் இருவரிடமும், உயிர் பிரியும் நேரத்தில் மூளையில் வேக அலைகள் கொஞ்ச நேரம் எழுந்ததை மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்தார்கள். அந்த இருவரும் பிழைக்கவில்லை, என்ன உணர்ந்தார்கள் என்று கேட்க வழியில்லை. யூடியூபில் இதை "ஆன்மா பிரியும் காட்சி" என்று போடுகிறார்கள். அப்படிச் சொல்ல இந்தப் பதிவில் இடமே இல்லை.


பதில்: வெண்ணெய்நல்லூர்

குறள் 339 பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது நிலையாமை அதிகாரத்தில் வருவது. பரிமேலழகர் உரைப்படி, உறக்கமும் விழிப்பும் இயல்பாக, விரைவாக மாறி மாறி வருவதைப் போலச் சாவும் பிறப்பும் மாறி மாறி வரும் என்பதே கருத்து. செத்தவர் உள்ளே தூங்குபவரைப் போல இருக்கிறார் என்று அது சொல்லவில்லை. அதற்கு முந்தைய 338-ஐயும் சேர்த்துப் படிக்க வேண்டும்; முட்டையை விட்டுப் பறவை பறந்து போவதை உடம்புக்கும் உயிருக்கும் உள்ள உறவுக்கு உவமையாக்குகிறது. அந்தப் பறவை திரும்ப முட்டைக்குள் வராது. ஐசியு வாசலில் நிற்பவருக்கு நான் 338-ஐத்தான் சொல்வேன்.

இந்தக் கேள்வியை நேராக எடுத்துப் பேசுவது சைவ சித்தாந்தம். மெய்கண்டார் 13-ஆம் நூற்றாண்டில், அதன் அடிப்படை நூலான சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில், உடம்பு வேறு உயிர் வேறு என்பதற்குத் தூக்கத்தையே சான்றாக வைக்கிறார். தூங்கும்போது மூச்சு ஓடுகிறது. ஆனால் நுகர்ச்சியும் இல்லை, செயலும் இல்லை. மூச்சே அறிவது என்றால், அது ஓடிக்கொண்டிருக்கும்போது அறிவு ஏன் இல்லை? ஆகவே மூச்சு அறிவதாகாது. "மூச்சு இருக்கிறதே, ஆள் இருக்கிறார்தானே" என்ற கேள்வியை நம் மரபு வென்டிலேட்டர் வருவதற்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே எடுத்து ஆராய்ந்திருக்கிறது.

அடுத்தது ஐந்து அவத்தைகள், அதாவது உயிர் உடம்புக்குள் இருக்கும் நிலைகள்: நனவு, கனவு, ஆழ்ந்த உறக்கம், அதற்கும் அப்பாலான துரியம், துரியாதீதம். நனவில் புலன், மனம், மூச்சு முதலான 35 கருவிகள் வேலை செய்யும், இடம் நெற்றி. கனவில் கண், காது, கை, கால் முதலான பத்தும் நின்று 25 இருக்கும், இடம் கழுத்து. ஆழ்ந்த உறக்கத்தில் சித்தம், பிராணன், உயிர் என மூன்றே, இடம் இதயம். துரியத்தில் பிராணனும் உயிரும், இடம் உந்தி (தொப்புள்). துரியாதீதத்தில் உயிர் மட்டும், இடம் மூலாதாரம். மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாச்சாரியார் இதற்குத் தரும் உவமை அழகானது: உலாப் போய்த் திரும்பும் அரசன் ஒவ்வொரு வாயிலிலும் படையை நிறுத்திக்கொண்டே வந்து, காவலையும் வைத்துவிட்டுத் தனியே அந்தப்புரம் புகுகிறான். உடம்புக்குக் காவலாக நிற்பது மூச்சு.

இங்கே ஒரு எச்சரிக்கை. வேதாந்தத்தில் துரியம் உயர்ந்த ஞான நிலை. சித்தாந்தத்தில் கீழாலவத்தை எனப்படும், மேலே சொன்ன இந்த இறங்குவரிசையில் துரியமும் துரியாதீதமும் அறிவு மேலும் மேலும் மறையும் நிலைகள். இரண்டையும் கலந்து, கோமாவில் இருப்பவர் சமாதி நிலையில் இருக்கிறார் என்று சிலர் குடும்பத்தாரிடம் சொல்கிறார்கள். எந்த நூலிலும் அதற்கு இடமில்லை, அப்படிச் சொல்வது வீண் நம்பிக்கையை வளர்க்கும். அதேபோல 35, 25 என்ற எண்ணிக்கையை மூளை அலைகளோடு பொருத்திப் பார்ப்பதும் வேண்டாம். அது வேறு வகை ஆராய்ச்சி.


பதில்: வலி_தணிப்பு_செவிலி

வீட்டிலேயே முதியவர்கள் காலமாகும்போது பார்க்கிறவர்களுக்குச் சில விஷயம்.

கடைசி நாட்களில் தூக்கம் கூடிக்கொண்டே போகும், சாப்பாடு தானாக நிற்கும். பட்டினி போட்டோமே என்று குமைய வேண்டாம், உடம்பு கேட்கவில்லை. பாதம் சில்லிடும், தோலில் ஊதாத் திட்டுகள் வரும். மூச்சு வேகமெடுத்து, மெதுவாகி, அரை நிமிடம் நின்று, மறுபடி தொடங்கும். மேல்மூச்சு வாங்குகிறது என்பார்களே, அது. தொண்டையில் கொறகொறவென்று சத்தம் வருவது, விழுங்க முடியாத எச்சிலும் சளியும். பார்ப்பவருக்குத்தான் அது கொடுமை, அவருக்கு அநேகமாகத் தெரியாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலையணையைக் கொஞ்சம் உயர்த்தினால் பாதி குறையும்.

பால் ஊற்றுவது நம் வழக்கம், அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் விழுங்கத் தெரியாதவர் வாயில் கரண்டியால் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்த் திணறுவார். பஞ்சில் தொட்டு உதட்டிலும் நாக்கு நுனியிலும் தடவுங்கள். செய்த மனநிறைவும் உண்டு, கெடுதலும் இல்லை. ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை ஈரத் துணியால் வாயைத் துடைத்து, உதட்டில் கொஞ்சம் வாசலின் போடுங்கள். பக்கத்தில் சொத்துப் பேச்சு, சண்டை வேண்டாம். 2020-இல் கனடாவில் வெளியான ஆய்வில், நினைவின்றிக் கிடந்த சில நோயாளிகளின் மூளை கடைசி மணி நேரங்களிலும் ஒலிக்கு மாறுதல் காட்டியது.

பிள்ளைகளிடம் "தாத்தா தூங்குறாங்க" என்று சொல்லாதீர்கள். ஐந்தாறு வயதுக்குள் சாவு திரும்பாதது என்பது முழுதாகப் பிடிபடாது. தூங்கினவரைத் தூக்கிக்கொண்டு போய் எரித்தார்கள் என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். பிறகு ராத்திரி தூங்கப் பயப்படும், அம்மா கண்ணயர்ந்தால் உலுக்கி எழுப்பும். "ஊருக்குப் போயிட்டாங்க" என்றால் வாசலைப் பார்த்துக் காத்திருக்கும். இப்படிச் சொல்லலாம்: "தாத்தா இறந்துட்டாங்க. அவங்க உடம்பு வேலை செய்யறது நின்னுடுச்சு. இனி மூச்சு விடமாட்டாங்க, பசிக்காது, வலிக்காது, எழுந்து வரமாட்டாங்க." சாமியிடம் போனார் என்பது உங்கள் நம்பிக்கை என்றால் இதற்குப் பிறகு அதைச் சொல்லுங்கள், இதற்குப் பதிலாகச் சொல்லாதீர்கள்.

"எரிச்சா சுடாதா?", "மண்ணுக்குள்ள மூச்சு முட்டாதா?" என்று கேட்கும். அதட்ட வேண்டாம். உடம்பு நின்றுவிட்டதால் சூடும் தெரியாது, மூச்சும் தேவையில்லை என்று சொன்னால் போதும். ஒரே கேள்வியை நாளெல்லாம் கேட்டாலும் அதே சொற்களில் பதில் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு கதை சொன்னால்தான் பயம் கூடும். உடலைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் காட்டலாம், வேண்டாம் என்றால் இழுத்துக்கொண்டு போகக் கூடாது. காட்டுவதற்கு முன் கை தொட்டால் சில்லென்று இருக்கும், மூக்கில் பஞ்சு வைத்திருப்பார்கள், பெரியவர்கள் சத்தமாக அழுவார்கள் என்று சொல்லிவிடுங்கள். சடங்கு முடியும்வரை பிள்ளையோடு இருக்க, அழுகையில் மூழ்காத ஒருவரை, ஒரு அத்தையையோ பக்கத்து வீட்டு அக்காவையோ, அதற்கென்றே நிறுத்துங்கள்.